சித்தப்பாவின் பூஜோவை ஃபிக்ஸியாக்கலாமா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. கப்பலில் என்ஜினியராக இருந்த அவருடைய சித்தப்பா 1978-இல் பிரான்சின் மார்சே துறைமுகத்தில் ஒரு பூஜோ (Peugeot) கம்பெனிப் பந்தய சைக்கிள் வாங்கி வந்தார். இருபது வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்த அந்த வண்டி இப்போது நண்பர் கைக்கு வந்திருக்கிறது. பத்து கியர். பின் கியர் மாற்றி விரிசல் விட்டு உடைந்துவிட்டது, மற்றதெல்லாம் வாங்கியபோது இருந்தபடியே இருக்கிறது. கியர் சாமான்களை மொத்தமாகக் கழற்றிவிட்டு ஃபிக்ஸட் கியராக, அதாவது சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றுகிற ஃபிக்ஸியாக, மாற்ற அவருக்கு ஆசை. ஞாயிறு காலை ஈசிஆரில் கூட வருகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். பழைய வண்டியை இப்படிக் கெடுப்பது பாவம் என்கிறது ஒரு கட்சி. மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைவிட ரோட்டில் ஓடினால்தான் அதற்குப் பேர் சைக்கிள் என்கிறது இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளைத் தொடாதீர்கள், தனியாக ஒரு பின் சக்கரம் கட்டிக்கொள்ளுங்கள். ஃபிக்ஸட் கியர் என்பது பின் சக்கரத்தின் ஹப்பில், அதாவது நடு உருளையில், இருக்கிற சமாசாரம். ஃபிரேமுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்ஸட் என்றால் என்ன என்பதில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். என்னிடம் வந்து "ஃபிக்ஸி வேணும்" என்று கேட்கிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது ஒற்றை கியர்தான். பேப்பர் போடுகிற பையன் ஓட்டுவதும் ஒற்றை கியர் சைக்கிள்தான், ஆனால் அது ஃபிக்ஸட் இல்லை. பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் இருப்பதால் பெடலை நிறுத்தினாலும் வண்டி டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் போகும். ஃபிக்ஸடில் அந்த ஃப்ரீவீல் கிடையாது. பாட்டி வீட்டுத் தையல் மிஷினில் மிதியில் கால் வைத்துக்கொண்டு மேலே இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றினால் மிதியும் ஆடும், காலும் ஆடும். அதே கதைதான். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளும் அப்படித்தான், பெடல் நேராக முன் சக்கரத்தோடு கோத்திருக்கும். வண்டி ஓடும் வரை உங்கள் கால் ஓடியே ஆக வேண்டும். பின்பக்கமாக அழுத்தினால் வேகம் குறையும்.

"பாவம்" கட்சிக்காரர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பந்தய சைக்கிளும் ஃபிக்ஸடும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1903-இல் டூர் டி ஃபிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சுக்கு கியர் மாற்றும் கருவி என்றாலே ஆகாது. அந்தப் பந்தயத்தில் அதை அனுமதித்தது 1937-இல்தான். அதற்கு முன்னால் வீரர்கள் என்ன செய்தார்கள்? பின் ஹப்பின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் வைத்திருந்தார்கள். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி ஏறினார்கள். 1927-இல் இத்தாலிய மலைக் கணவாய் ஒன்றில் பனியில் விரல் விறைத்து, சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்த ஒரு பந்தய வீரர்தான் பிற்பாடு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழலும் குவிக் ரிலீஸைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அவர்தான் துல்லியோ கம்பாஞோலோ. கதையை யாராவது மெருகேற்றியிருக்கலாம். ஆனால் சக்கரத்தை மாற்றினால் வண்டியின் குணமே மாறும் என்பது அந்தக் காலத்து வீரனுக்குத் தினசரிப் பாடம்.

இங்கிலாந்தில் இது இன்னும் நீண்ட நாள் ஓடியது. கிளப் சைக்கிள்காரர்கள் குளிர்காலம் முழுக்க அதே பந்தய ஃபிரேமில் ஃபிக்ஸட் சக்கரம் மாட்டி ஓட்டுவார்கள். பந்தயத்துக்கான லேசான சக்கர ஜோடியை முன் அச்சில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு மைதானம் வரை மிதித்துப் போய், அங்கே மாற்றிக்கொண்டு பந்தயம் ஓட்டி, திரும்ப மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஒரு ஃபிரேம், இரண்டு ஜோடி சக்கரம். யாரும் எதையும் அறுக்கவில்லை. பெல்ஜியத்துப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்ததும் ஃபிக்ஸட் சைக்கிளில்தான். எர்னெஸ்தோ கொல்னாகோ கட்டிக் கொடுத்த வண்டி அது. ஆகவே ஃபிக்ஸட் என்றால் ஏதோ நேற்று வந்த பையன்கள் ஆரஞ்சு ரிம்மும் பச்சை செயினும் போட்டுப் படம் எடுக்கிற விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

இப்படிச் சொல்வதால் நான் "மாற்று, மாற்று" கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் இருந்தேன். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் முன்னால் பெரம்பூரில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டிலிருந்து ஒரு ராலே ஃபிரேம் வாங்கினேன். ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் பாதி உரிந்து, மங்கலாகத் தெரிந்தது. 1935-இல் வந்த அந்தக் குழாய், அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்குப் பந்தய சைக்கிள்களின் தங்கம் மாதிரி. ஃபிரேம், முன் ஃபோர்க்கு, கிராங்க் (பெடல் மாட்டும் கை), அவ்வளவுதான் கிடைத்தது. கியர் சாமான் ஒன்றும் இல்லை. சரி, இது அநாதை ஃபிரேம், நம் இஷ்டத்துக்குச் செய்யலாம் என்று முடிவு கட்டினேன். பின் சக்கரம் உட்காரும் இடத்தில் கியர் மாற்றியைத் தொங்கவிட ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும், ஹேங்கர் என்பார்கள். ஃபிக்ஸடுக்கு அது தேவையில்லை, பார்க்க அசிங்கமாக வேறு இருக்கிறது என்று தோன்றியது. ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், அறுத்தா அப்புறம் ஒட்டாது. நல்லா யோசிச்சுக்கோங்க."

"அறுங்க அண்ணே."

"ஒரு தடவ போனா போனதுதான், சொல்லிட்டேன்."

அறுத்தார். அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கித் தந்தார். டவுன் டியூபில், அதாவது ஃபிரேமின் சாய்ந்த கீழ்க் குழாயில், இருந்த கியர் நெம்புகோல் குமிழ்களையும் நானே தேய்த்து எடுத்தேன். சாண்ட் பிளாஸ்ட் செய்து கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்தேன். 531 ஸ்டிக்கரும் அதோடு போயிற்று. வண்டி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் அந்தப் பெரம்பூர் வீட்டுப் பெரியவரின் மகன் ஃபோன் செய்தார். வீடு காலி பண்ணும்போது பரணில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பா கிடைத்ததாம். உள்ளே கிழிந்த பனியன் துணியில் சுற்றி, கிரீஸ் தடவி, கம்பாஞோலோ கம்பெனியின் நுவோவோ ரெக்கார்டு கியர் மாற்றி முன்னும் பின்னும், நெம்புகோல்கள், கேபிள் கிளிப் உட்பட எல்லாம் இருந்தன. "அப்பா பத்திரமா எடுத்து வெச்சிருக்காரு சார். உங்ககிட்ட அந்த சைக்கிள் இன்னும் இருக்கா?"

சைக்கிள் இருந்தது. மாட்ட இடம்தான் இல்லை. மகனிடம் அதைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்றைக்கும் போகவில்லை. அந்த டப்பா இப்போது என் பரணில் இருக்கிறது.

அதிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. ஸ்பேனரால் கழற்றி ஸ்பேனரால் மாட்டக்கூடிய எந்த மாற்றமும் எனக்குச் சம்மதம். ஹேக்சா பிளேடு, அரம், கிரைண்டர், சாண்ட் பிளாஸ்ட், இவை தேவைப்படுகிற எதுவும் வேண்டாம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்கள் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூண் நல்ல தூண்தான், எங்கேயோ ஒரு ரிசார்ட்டில் போய் நின்று அழகாகவும் இருக்கும். ஆனால் அது எந்த வீட்டின் எந்த முற்றத்தில் நின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பழைய பந்தய சைக்கிளிலும் மதிப்பு இருப்பது எல்லாம் ஒன்றாக இருப்பதில். உங்கள் பூஜோவின் கியர் நெம்புகோலைத் தனியாக விற்றால் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூட வராது. ஃபிரேமும் கிராங்கும் ஹப்பும் நெம்புகோலும் ஒரே வருடத்துத் தூசியோடு சேர்ந்து நிற்பதுதான் விசேஷம்.

சரி, பூஜோவுக்கு வருவோம். உடைந்த கியர் மாற்றி சிம்ப்ளெக்ஸ் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டலாம். கறுப்பாக, தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதா பாருங்கள். அது டெல்ரின் என்கிற பிளாஸ்டிக். 1960-களில் அதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். வயதானால் விரிசல் விடும், எல்லாருக்கும் விட்டது. வெயில் விழும் மாடிப்படிக்கு அடியில் இருபது வருடம் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஆக உங்கள் வண்டியில் கெட்டுப்போனது ஒரே ஒரு பிளாஸ்டிக் சாமான். அதற்காகக் கியர் முழுவதையும் தூக்கிப் போடுவது பல்வலிக்குத் தலையை எடுப்பது மாதிரி. அதே காலத்து சன்டூர் கியர் மாற்றி ஒன்று தேடிப் பிடித்து மாட்டினால் சிம்ப்ளெக்ஸைவிட நன்றாகவே வேலை செய்யும். சிம்ப்ளெக்ஸ் ஹேங்கரின் துளை வேறு மாதிரி இருக்கும் என்பதால் நேராகப் பொருந்தாது. துளைக்கு மரை வெட்டாதீர்கள். போல்ட் போட்டு மாட்டும் தனி ஹேங்கர் தகடு இருக்கிறது, மலிவான கியர் சைக்கிள்களில் வருவதுதான், அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஃபிக்ஸட் ஆசை போகவில்லை என்றால், அதில் தப்பில்லை. ஃபிக்ஸடில் ஒரு சுகம் இருக்கிறது, அதை ஓட்டாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். சத்தமே இருக்காது. திருவான்மியூரிலிருந்து அதிகாலை கிளம்பி முட்டுக்காடு போகும்போது டயர் தார்ரோட்டில் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். கால் நின்றால் வண்டியும் நிற்கும் என்பதால், ஒரு மாதத்தில் கால் தானாகவே வட்டமாகச் சுற்றப் பழகிவிடும். கியர் சைக்கிளில் வருடக்கணக்கில் தத்தித் தத்தி மிதித்தவர்களுக்கு இது பெரிய பாடம். இன்னொன்று, நம் சென்னை தட்டையான ஊர். ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்களையும் பரங்கிமலையையும் விட்டால் ஒன்றும் இல்லை. மலையே இல்லாத ஊரில் பத்து கியர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். பெசன்ட் நகர், நீலாங்கரை மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடங்களில் வண்டியில் சாமான் குறையக் குறையத் துருவும் குறையும். ஆனால் வெயில் காலத்தில் மதியத்துக்கு முன்பே கடற்காற்று கிளம்பிவிடும். அதை எதிர்த்து மிதிக்கும்போது ஒரு நொடிகூடக் காலுக்கு ஓய்வு கிடையாது, அப்போது உங்கள் சித்தப்பாவின் பத்து கியர் ஞாபகத்துக்கு வரும்.

எப்படிச் செய்வது? இங்கேதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து பல்சக்கரம் வைத்த அந்தக் காலத்துப் பத்து கியர் வண்டிகளில் பின் ஃபோர்க்கின் உள் அகலம் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். ஃபிக்ஸட் பல்சக்கரம் மாட்டுவதற்கென்று இன்றைக்குக் கிடைக்கும் டிராக் ஹப்பின் அகலமும் அதே 120. ஆறு, ஏழு பல்சக்கரம் வந்த பிறகு அது 126 ஆனது, அப்புறம் 130. 126 இருந்தாலும் ஃபிரேமை நெருக்காதீர்கள், அச்சில் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் வாஷர் போட்டால் முடிந்தது. ஸ்கேல் வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். அடுத்தது, அச்சு உட்காரும் பிளவு. உங்கள் வண்டியில் அது சாய்வாக, முன்னும் பின்னும் சக்கரத்தை நகர்த்த இடம் கொடுத்து வெட்டியிருக்கும். ஃபிக்ஸடில் செயினை இறுக்க அந்த நகர்வு தேவை. பின்னால் வந்த வண்டிகளில் பிளவு செங்குத்தாக இருக்கும், அதில் ஃபிக்ஸட் போடுவது பெரிய அவஸ்தை. ஸ்பிரிங் வைத்து இழுக்கும் டென்ஷனரும் உதவாது, பின்பக்கம் மிதித்தால் அது வளைந்துவிடும்.

ஹப் வாங்கும்போது ஃபிளிப் ஃபிளாப் ஹப்பாக வாங்குங்கள். ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரம், மறுபக்கம் சாதாரண ஃப்ரீவீல். 1930-களின் டூர் வீரர்கள் மாதிரி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் போதும். முதல் ஆறு மாதம் ஃப்ரீவீல் பக்கத்தையே ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே ஆசை தீர்ந்துவிடும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் பழைய ஹப்பிலேயே ஃபிக்ஸட் பல்சக்கரத்தை முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டிராக் ஹப்பில் இரண்டு மரை இருக்கும். பல்சக்கரம் வழக்கமான வலது மரையில் ஏறும். அதற்கு வெளியே லாக்ரிங் ஒன்று இடது மரையில் ஏறும். நீங்கள் பின்பக்கம் அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும், லாக்ரிங் எதிர்த்திசையில் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஹப்பில் அந்த இடது மரை கிடையாது. அதில் பல்சக்கரத்தைப் போட்டு பி.பி.யின் (கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) லாக்ரிங்கால் இறுக்கி ஓட்டுவதை வெளிநாட்டு சைக்கிள்காரர்கள் தற்கொலை ஹப் என்றே சொல்வார்கள். நம் ஊரில் இதைவிட ஒரு படி மேலே போய், ஃப்ரீவீலின் உள்ளே வெல்டிங் வைத்து இறுக்கித் தருகிறார்கள். ஹப்பின் மரை அப்படியேதான் இருக்கிறது. சிக்னலில் பயந்து பின்பக்கம் அழுத்தினால், வெல்டிங் வைத்த ஃப்ரீவீல் முழுசாகக் கழன்று சுற்றும். போதாததற்கு உங்களுடையது ஃபிரெஞ்சு ஹப். ஃப்ரீவீல் ஏறும் மரை பிரான்சில் 34.7 மில்லிமீட்டர், இங்கிலீஷ் அளவு 34.8. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று முறுக்கினால் மரை தேய்ந்து ஹப்பும் போகும், பல்சக்கரமும் நிற்காது. அந்தக் காலத்து ஃபிரெஞ்சு வண்டியில் பி.பி. கப், ஹெட் செட், பெடல் மரை எல்லாமே தனி அளவாக இருக்கும். "போட்டுப் பார்க்கலாம் சார், ஏறிடும்" என்று மெக்கானிக் சொல்லும்போது உடனே கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கிராங்கைக் கழற்ற வேண்டாம், இரண்டு செயின் வளையமும் அப்படியே இருக்கட்டும். செயினை உள் வளையத்தில் போடுங்கள். டிராக் ஹப்புக்கு அதுதான் ஏறக்குறைய நேராக வரும். நம் ஊர் சாதா சைக்கிளின் தடித்த செயின் வெளி வளையத்தில் உரசும், கியர் சைக்கிள் செயினும் அதற்கேற்ற மெல்லிய பல்சக்கரமும் போடுங்கள். உள் வளையத்தில் 42 பல் இருந்தால் பின்னால் 16 போதும். பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். சென்னைக்கு இது சரியான அளவு.

ஒரு சின்ன சுவாரசியம். பின் சக்கரத்தைப் பூட்டி டயரைத் தேய்த்து நிறுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் 48-க்கு 16 போடவே கூடாது. மூன்றுக்கு ஒன்று என்று சரியாக வகுபடுவதால் டயர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தேயும், ஒரு மாதத்தில் அங்கே ஓட்டை விழும். 42-க்கு 16 என்றால் எட்டு இடங்களில் பரவித் தேயும். 17 பல் போட்டால் பதினேழு இடம். பகா எண்ணுக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று என் கணக்கு வாத்தியார் சொல்லவே இல்லை.

பிரேக்கைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. இரண்டு பிரேக்கும் இருக்கட்டும். சுத்தமாக, கேபிள் இல்லாமல் இருந்தால்தான் அழகு என்று கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் போகும், அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். கால் பலம் எவ்வளவு இருந்தாலும் பின் சக்கரத்தால் அதைச் செய்ய முடியாது. ஃபிக்ஸட் பின் சக்கரத்தையே ஒரு பிரேக்காக ஏற்றுக்கொள்கிற பிரிட்டன் சட்டம்கூட முன் பிரேக் வேண்டும் என்கிறது. ஷேர் ஆட்டோ எங்கே எப்போது நிற்கும் என்று அந்த டிரைவருக்கே தெரியாத ஊரில் நாம் இருக்கிறோம்.

நம் ரோட்டில் ஃபிக்ஸடுக்கு இன்னும் சில ஆபத்துகள் உண்டு. டிராக் சைக்கிளில் பி.பி. உயரமாக இருக்கும், கிராங்க் குட்டையாக, பொதுவாக 165 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் பூஜோ ரோட்டுக்குச் செய்தது, பி.பி. தாழ்வு, கிராங்கும் அநேகமாக 170. சாய்ந்து திரும்பும்போது உள்பக்கப் பெடல் கீழே வந்தே தீரும், தரையில் தட்டினால் பின் சக்கரம் துள்ளும். வெள்ளைக் கோடே போடாத வேகத்தடைகளிலும் இதே பிரச்சினைதான். கியர் சைக்கிளில் பெடலைச் சமமாக நிறுத்தி எழுந்து நின்று தாண்டிவிடுவோம். ஃபிக்ஸடில் எழுந்து நிற்கலாம், பெடல் நிற்காது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது வேகம் 45-ஐத் தொட்டால் கால் நிமிடத்துக்கு 136 சுற்று சுற்ற வேண்டும். பழகாதவர்களுக்கு அது மிதிப்பது இல்லை, உதைபடுவது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஃபிக்ஸடை எடுக்கவே வேண்டாம், குழி எங்கே என்று தெரியாது.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. ஃபிக்ஸடில் அதைச் செய்யாதீர்கள். துணி செயினில் சிக்கினால் விரலையும் சேர்த்துப் பல்சக்கரத்துக்குள் இழுத்துவிடும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் வரை செயினும் நிற்காது. ஷூ லேஸ், தொளதொள பேண்ட், துப்பட்டா எல்லாவற்றுக்கும் இதேதான். செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. உங்கள் பெடலில் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் பழைய டோ கிளிப்பும் வாரும் இருந்தால் அது ஃபிக்ஸடுக்குத் தேவையான சாமான், துருவைத் துடைத்து அப்படியே வையுங்கள்.

எந்த ஃபிரேமாக இருந்தாலும் இதே பதிலா என்று கேட்டால், இல்லை. புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டிருக்கிற, சாமான் ஒன்றும் இல்லாத, பெயர் தெரியாத ஃபிரேமை எடுத்து ஃபிக்ஸடாக்கினால் உங்களுக்கு என் கும்பிடு. ஹீரோ ஹாக் மாதிரி நம் ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடிய வளைந்த ஹேண்டில்பார் வண்டியில் தாராளமாகப் பழகிப் பாருங்கள், அதில் தப்புப் பண்ணினாலும் நஷ்டம் பெரிதில்லை. கம்பாஞோலோ சாமான் முழுசாக உள்ள இத்தாலிய வண்டி யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து, காற்று அடித்து கிரீஸ் போட்டு அப்படியே ஓட்டட்டும். உங்கள் பூஜோ இந்த இரண்டுக்கும் நடுவில். அருங்காட்சியகச் சரக்கு இல்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இருந்து, இன்னும் முழுசாக இருக்கிற வண்டி.

பெயின்டைச் சுரண்ட வேண்டாம். துருவை மட்டும் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுங்கள். சீட் போஸ்ட் இறுகியிருந்தால் சுத்தியலைத் தூக்காமல், இரண்டு நாள் துரு இளக்கும் எண்ணெய் ஊறவிட்டுப் பிறகு திருப்புங்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்த வருடம், யாருடையது, எந்த வண்டி என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். டப்பா வண்டியோடு இருக்கட்டும், வேறு வீட்டுப் பரணில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பழைய சக்கரத்தின் ஃப்ரீவீலை ஒரு நாள் கழற்றி கிரீஸ் போட வேண்டியிருக்கும். அதற்கு அந்தந்த ஃப்ரீவீலுக்கென்று பல் வெட்டிய கருவி ஒன்று வேண்டும். ஃபிரெஞ்சு ஃப்ரீவீலின் கருவி இங்கே எந்தக் கடையிலும் சுலபத்தில் கிடைக்காது. கடைக்காரர் உளியையும் சுத்தியலையும் எடுப்பார், ஃப்ரீவீல் அதோடு சரி. உங்கள் சித்தப்பா கப்பல் என்ஜினியர் என்று சொன்னீர்கள். கப்பல் என்ஜினியர்கள் எதைத் தூக்கிப் போட்டாலும் கருவிப் பெட்டியைத் தூக்கிப் போட மாட்டார்கள். சக்கரத்தில் கை வைப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு ஃபோன் போட்டு, வண்டியோடு சின்னதாக, விளிம்பில் பல் வைத்த இரும்புச் சாமான் ஏதாவது வந்ததா என்று கேளுங்கள்.